அலைக்குக் கட்டிய சவுக்குக் கிளை

புத்தி குறைந்து அவமானப்பட்டவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். முன்ஜாக்கிரதை மிஞ்சிப்போய் அவமானப்பட்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதுவும் கடலில், ஐம்பது பேர் பார்க்க, இடுப்பில் வேட்டி இல்லாமல். (ஐம்பது என்பது நான் சொல்வது. என் மச்சான் செபஸ்தியைக் கேட்டால் இருநூறு என்பான்.)

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலையில் புளி வாங்கி, சைக்கிளில் இறக்கி, சந்தவாசல் கடைகளுக்குப் போடுவது என் தொழில். இரண்டு மூட்டைப் புளியோடு சரிவில் இறங்குகிற சைக்கிளை வெறும் பிரேக் நிறுத்தாது. அதனால் எங்கள் ஆட்கள் ஒரு வேலை செய்வார்கள். இறக்கம் தொடங்குகிற இடத்தில் தழையோடு ஒரு பெரிய கிளையை வெட்டி, கேரியருக்குப் பின்னால் கயிற்றில் கட்டித் தரையில் இழுபட விடுவார்கள். கிளை மண்ணைப் பிராண்டிக்கொண்டே வரும், வண்டி அடங்கி இறங்கும். அடிவாரம் வந்ததும் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

ஒரு நாள் அவசரத்தில் கிளை கட்டாமல் இறங்கினேன். கடைசி வளைவு வரைக்கும் மகாராஜா மாதிரி வந்தேன். அதற்கப்புறம் சாலையோரம் இருந்த டைலர் சூசை ஐயாவின் கடைக்குள் போய்த்தான் நின்றேன். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அவர் தைத்து மாட்டியிருந்த வெள்ளை கவுனின் மேல் ஒரு மூட்டைப் புளி. என் மேல் இன்னொரு மூட்டை. அவர் மகள் பிலோமினாதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். பிடித்த கையை விட எனக்கு மனசு வரவில்லை. அவளும் விடவில்லை. (இப்போது கேட்டால், 'புளிப் பிசுக்கு, ஒட்டிக்கிச்சு' என்கிறாள்.)

ஒரு வருஷம் கழித்துப் பெண் கேட்டுப் போனோம். சூசை ஐயா கவுனை மறந்திருக்கவில்லை.

"பையன் நல்லா உழைக்கிறான், இல்லன்னு சொல்லலிங்க" என்றார் என் அப்பாவிடம். "ஆனா நிதானம் பத்தாது. கெளை கட்டாம மலை எறங்குறவன் கையில பொண்ண எப்பிடிங்க குடுக்கிறது?"

என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து அவரே கொஞ்சம் இளகினார். "எம் பையன் செபஸ்தி நேர்த்திக்கடனுக்கு வேளாங்கண்ணிக்கு சைக்கிள்ல போறான். இவனும் கூடப் போய்ட்டு வரட்டும். வுழுந்து வாரி, மண்டைய ஒடச்சிக்காம வந்து சேந்தான்னா பேசலாம்."

ஆக, எனக்குக் கல்யாணமா இல்லையா என்பது என் மண்டையைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது.

புறப்படும்போதே செபஸ்தி சொல்லிவிட்டான். "த பாரு, நீ மச்சானா வர்றதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா எங்க நைனா கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லிடுவேன். அதனால நீ எதுவும் பண்ணாத."

நான் எதுவும் பண்ணவில்லை. திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று மாடு நடக்கிற வேகத்தில் மிதித்தேன். எந்தப் பாலம் இறங்கினாலும் நிறுத்தி, சாலையோரத்தில் ஒரு கிளையை ஒடித்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். மூட்டையே இல்லாத சைக்கிளுக்கு எதற்குக் கிளை என்று பேருந்துக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். செபஸ்தி என்னோடு வரவில்லை என்பதுபோல் அரை மைல் முன்னால் போனான்.

புதுச்சேரியில்தான் நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். கடலை விட்டுப் பிரிய மனமில்லாமல் தெற்கே கரையோரமாகவே போனோம். கடலூர் தாண்டி ஒரு மீனவக் குப்பத்தில் செபஸ்தியின் டயர் பஞ்சர். அவன் ஒட்டுப்போட, நான் மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

அங்கே கோவிந்தன் என்று ஒருவர். நாற்பது வயது இருக்கும். மீன்பிடி முடிந்து, வலையை உலரப் போட்டுவிட்டு, உடைந்துபோன கட்டுமரத்தின் ஒற்றைக் கட்டையைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போனார். பெரிய அலை எழும்பும்போது அதன் மேல் படுத்து, முட்டி போட்டு, எழுந்து நின்று, கரை வரைக்கும் சறுக்கிக்கொண்டே வந்தார். (இதற்கு இப்போது அலைச்சறுக்கு என்று பெயராம், போட்டியெல்லாம் வைக்கிறார்கள். அவர் சும்மா பொழுதுபோகச் செய்தார்.)

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதைக் கண்டு சிரித்தார். "இன்னா தம்பி, ஏறிப் பாக்குறியா? மலைக்காரங்களுக்குப் பயமா இருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"டேய், வேணாம்" என்றான் செபஸ்தி, கையில் டியூபோடு.

"நிதானமாப் போறேன்" என்றேன்.

உண்மையிலேயே நிதானமாகத்தான் யோசித்தேன். அலை என்றால் என்ன? ஒரு சரிவு. அதில் கோவிந்தன் இறங்குகிற வேகம் எங்கள் மலை இறக்கத்துக்குக் குறைந்ததல்ல. ஆனால் கட்டையில் பிரேக் என்று ஒன்றும் இல்லை. இவ்வளவு நாள் இந்த ஜனங்கள் எப்படித்தான் உயிரோடு இருக்கிறார்களோ என்று எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. பக்கத்துத் தோப்பில் போய் நன்றாகத் தழைத்த சவுக்குக் கிளையாக ஒன்றை ஒடித்துவந்தேன். மூட்டை கட்ட நான் வைத்திருந்த பழைய டியூப் ரப்பரை எடுத்து, கிளையைக் கட்டையின் பின்பக்கம் இறுக்கிக் கட்டினேன்.

கோவிந்தன் பார்த்துக்கொண்டே இருந்தார். "அது எதுக்கு தம்பி?"

"பிரேக்குங்க."

ஒரு மனுஷன் இவ்வளவு தீர்மானமாகச் சொல்லும்போது தடுக்க அவருக்கு மனசு வரவில்லையாம், பிறகு சொன்னார்.

இடுப்பளவுத் தண்ணீரில் அவரே கட்டையைப் பிடித்து என்னைப் படுக்கவைத்து, அலை வந்ததும் தள்ளிவிட்டார். ஒரு கணம் பறந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. அடுத்த கணம் பிரேக் பிடித்தது.

கிளை தண்ணீருக்குள் அமிழ்ந்து நின்றுகொண்டது. கட்டை முன்னால் போனது. நடுவில் ரப்பர் இழுபட்டது, இழுபட்டது, இழுபட்டுக்கொண்டே போனது. மலையில் நான் கட்டுவது கயிறு. ரப்பர் என்ன செய்யும் என்பதை யோசிக்க மறந்துவிட்டேன். அந்தச் சவுக்குக் கிளை கடலை விட்டுக் கிளம்பி என் பின்மண்டைக்கு வந்து சேர்ந்தது. கட்டை புரண்டது. நெற்றியில் அதன் முனை பட்டது. வேட்டி எப்போது போனதென்று தெரியாது.

எனக்கு நீச்சல் தெரியாது. செபஸ்திக்கும் தெரியாது. ஆனாலும் அவன் கையிலிருந்த டியூபைப் போட்டுவிட்டு, "மச்சான்" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து விழுந்தான். அதுவரைக்கும் ஒருமுறைகூட அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டே நான் கேட்ட அந்த வார்த்தைக்கு, அவனுக்கு நான் இன்றுவரை கடன்பட்டவன்.

அவனைக் கோவிந்தன் தூக்கினார். என்னைத் தூக்கியது அவர் மனைவி அஞ்சலை. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவர், ஓடிவந்து என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். தன் பழைய சேலை ஒன்றை என் மேல் வீசினார். நெற்றிக் காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டினார். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சுடச்சுடச் சோறும் சங்கரா மீன் குழம்பும் போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கை கழுவியதும் ஆரம்பித்தார். "கடலுக்கு பிரேக்கா கட்டுன, தம்பி?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் அடுப்படியில் இருந்த பூனை வெளியே ஓடியது.

வேளாங்கண்ணியில் மாதாவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. நெற்றிக் காயம் ஊர் போவதற்குள் மறையவேண்டும். மாதா அதற்குச் சம்மதிக்கவில்லை. பழையதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வீக்கம் வந்தது.

திரும்பி வருகிற வழியெல்லாம் செபஸ்தி ஒரு பொய்யைத் தயார் செய்தான். உள்ளதை உள்ளபடி சொல்கிறவன், எனக்காக.

"திண்டிவனத்துல மாடு முட்டிச்சுன்னு சொல்லிடலாம். மாடு முட்டுனா உன் தப்பு இல்லல்ல."

சந்தவாசலில் சூசை ஐயா தையல் மிஷினை நிறுத்திவிட்டு என் நெற்றியைப் பார்த்தார். உள்ளே கதவோரம் பிலோமினா நிற்பது தெரிந்தது.

"இன்னா இது?"

"மாடு முட்டிச்சு நைனா" என்றான் செபஸ்தி.

"எந்த மாடு, பசுவா காளையா?"

"பசு" என்றான் செபஸ்தி. அதே சமயத்தில் "காளை" என்றேன் நான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மண்டையும் போயிற்று, பொய்யும் போயிற்று, பெண்ணும் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அலை, சரிவு, சவுக்குக் கிளை, ரப்பர், வேட்டி வரைக்கும். சூசை ஐயா குனிந்துகொண்டார். கோபத்தில் தோள் குலுங்குகிறது என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர்.

"கடல்லயும் கெளை கட்டிட்டுதான் எறங்குனியா நீ?"

"ஆமாங்க."

"பிலோமினா" என்று உள்ளே திரும்பிச் சொன்னார். "மாப்பிள்ளைக்குத் தண்ணி கொண்டா."

அதிலிருந்து கோயிலிலும் கல்யாணத்திலும் சாவு வீட்டிலும் அவர் என்னை அறிமுகப்படுத்தியதெல்லாம் ஒரே மாதிரிதான். பெயர் சொல்லமாட்டார். போன வருஷம் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது, பேச்சே குறைந்துவிட்டிருந்தது. அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த நர்ஸ், "இவரு உங்க புள்ளைங்களா தாத்தா?" என்று கேட்டாள்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "மாப்ள. கடலுக்கே பிரேக் போட்டவரு. நம்பி எங்க வேணா போவலாம்."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.