மச்சினன் ரத்தத்தில் குறைந்த புரதம்

தொழிலாளியின் வியர்வையை எல்லா முதலாளிகளும் மதிப்பார்கள். ரத்தம்வரை இறங்கிவந்து மதித்தது உலகத்திலேயே எங்கள் மாவு ஆலை ஒன்றுதான்.

சல்லடை அறையில் என்னோடு மூட்டை தூக்கியவன் என் மனைவியின் தம்பி. நாலு படி ஏறினால் கொல்லன் துருத்தி மாதிரி இரைப்பான். தூசியை இழுத்து வெளியே தள்ளும் விசிறி போன மழைக்கே நின்றுவிட்டது. அதை ஓட விடச் சொல்லிக் கேட்டோம். மேனேஜர் உடனே கூட்டம் போட்டு, "விஞ்ஞானபூர்வமாக" விசாரிக்கத் தீர்மானித்தார். விசிறியைக் கழற்றிப் பார்ப்பார்கள் என்று நினைத்தோம். எங்கள் இருவரின் ரத்தத்தை எடுத்தார்கள்.

ஆலைக்கு வந்து முடிவைச் சொன்ன டாக்டரம்மா பொறுமைசாலி. மச்சினனிடம் விளக்கினார்:

"கிருமியக் கொல்ல நம்ம உடம்புலயே ஒண்ணு சுரக்கும். அத அடக்கலேன்னா நுரையீரலையே அரிச்சிடும். அடக்குற புரதம் கல்லீரல்லேருந்து ரத்தத்துல வரணும். ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின்னு பேரு. உங்களுக்குப் பிறவியிலேயே அது ரொம்பக் கம்மி. தூசி, புகை ரெண்டும் ஆகாது. உங்க அக்காவும் சோதிச்சுக்கணும்."

மேனேஜர் காதில் "பிறவியிலேயே" மட்டும் தேனாகப் பாய்ந்தது.

"கேட்டீங்களா? நம்ம தூசி மேல பழி போட்டீங்களே! எல்லாம் உங்கப்பன் குடுத்த ரத்தம்யா!"

"எங்கப்பனா சார் விசிறிய நிறுத்துனாரு?" என்றான் மச்சினன், நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கி.

"சரி சார், அவன் ரத்தம் அப்படி. எனக்கும் இருமுதே?" என்றேன்.

"உனக்குத்தான் புரதம் நிறைய இருக்காமே! உனக்கெதுக்கு விசிறி?"

ஆக, குறை உள்ளவனுக்கு விசிறி போட்டுப் பயனில்லை. குறை இல்லாதவனுக்குப் போட அவசியமில்லை. இப்படி ஒரு மூளை வாய்க்க ஆலை கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

தூசி ஆகாது என்ற டாக்டர் சொல்லை மேனேஜர் அன்றே சிரமேற்கொண்டு, மச்சினனை வேலையை விட்டு நிறுத்தினார். வீட்டில் அடுப்பு இரண்டு வாரம் அழுதது. பிறகு அவனுக்குச் சாவி செய்யும் கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. போன நுரையீரல் திரும்பாது என்றார் டாக்டரம்மா. ஆனாலும் இரைப்பு தணிந்திருக்கிறது.

"மாமா, இப்பல்லாம் அக்காவோட நிறுத்தாம சண்டை போட முடியுது!" என்கிறான்.

அதை நான் ஆலையில் சொன்னதும் மேனேஜருக்குக் கண் கலங்கியது. "பாத்தியா, நம்ம ஆலை ஒரு உயிரக் காப்பாத்தியிருக்கு!"

உண்மைதான். இத்தனை வருஷத்தில் ஆலை எங்களுக்குக் கொடுத்த ஒரே நல்ல காற்று, அவனை வெளியே தள்ளியதுதான்.