தினம் இரண்டு ஆப்பிள்

கம்பம் பள்ளத்தாக்கிலேயே, சாப்பாட்டு நேரத்தில் மலச்சிக்கலைப் பற்றிப் பேசி அடி வாங்காமல் தப்பித்த ஒரே மனிதர் ஆப்பிளண்ணன்தான். தேனி மார்க்கெட் பக்கம் ஓர் எடைமேடையில் வேலை. ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்த நானும் அவரும் ஒரே அறையில் ஐந்து வருடம் குடியிருந்தோம். அவர் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரியும், எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

சுற்றிலும் திராட்சைத் தோட்டம். ஊரே கொத்துக் கொத்தாகத் தின்னும்போது இவர் மட்டும் எங்கோ பனி மலையில் காய்த்த ஆப்பிளை வெந்நீரில் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். மெஸ்ஸில் யாராவது கத்தியை எடுத்தால் போச்சு.

"ஏலே, தோலைச் சீவாத! சத்து பூராம் அதுலதான இருக்கு. நாருச்சத்துடா. காலைல எந்திரிச்சா நீ போய்த் தேட வேண்டியதில்ல, அதுவா வரும்."

"அண்ணே, இட்லி திங்கிறேன்ணே!" என்பான் பக்கத்தில் இருப்பவன்.

"தின்னு, தின்னு. அதுவும் வெளிய வரணும்ல?"

ஜூஸ் குடிக்கிறவர்களைக் கண்டால் இன்னும் கோபம். நாரை வடிகட்டிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கிறவன் மனுசனா என்பார். ஜூஸ் கடைக்காரர் இவரைக் கண்டாலே மிக்ஸியை ஓடவிட்டுக் காதை மூடிக்கொள்வார்.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஆப்பிள் என்றால் ஆஸ்பத்திரி. படுத்துக் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போதுதான் அதை வாங்குவோம். நல்லா இருக்கிறவன் கையில் ஆப்பிள் பை இருந்தால் ஊர் சும்மா விடாது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே, "யாருக்குண்ணே மேலுக்கு முடியல?" என்று விசாரிப்பார். அண்ணன் சலிக்காமல், "எனக்குத்தான், நல்லாருக்கேன்" என்பார். உடனே யாராவது எழுந்து உட்கார இடம் கொடுப்பார்கள்.

அண்ணனுக்கு முப்பத்தாறு வயதில், தட்டிக்கொண்டே போன கல்யாணம் ஒருவழியாகத் தேவாரத்தில் கூடி வந்தது. பெண் பள்ளிக்கூட டீச்சர். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அண்ணன் எடைமேடையில் லாரியை நிறுத்திவிட்டு எடை பார்க்க மறந்தார். பெண்ணின் தாய்மாமன் வழக்கப்படி மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க யாருக்கும் சொல்லாமல் தேனிக்கு வந்து, நேராகப் பழக்கடையில் கேட்டிருக்கிறார். கடைக்காரர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, "தங்கமான மனுசனுங்க. அஞ்சு வருசமா ஒருநா தவறாம ரெண்டு ஆப்பிள் வாங்கிட்டுப் போறாக" என்று சொல்லிவிட்டார்.

மாமன் டீ கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் போன் வந்தது. அஞ்சு வருசமாகத் தீராத நோய்க்காரனுக்குப் பெண் கொடுப்பதற்கில்லையாம்.

அண்ணன் அழவில்லை. மறுநாள் ஆப்பிளைத் தோல் சீவித் தின்றார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"கெளம்புங்கண்ணே, நேர்லயே போய்ப் பேசிருவோம்" என்று இழுத்துக்கொண்டு போனேன். வாழைப்பழம் வாங்கலாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாரா? மொத முறை போகும்போது உசத்தியானதைத்தான் கொண்டுபோக வேண்டும் என்று இரண்டு கிலோ ஆப்பிள் வாங்கிவிட்டார். தேவாரத்தில் இறங்கி அந்த வீட்டுக்கு வழி கேட்டோம். அவ்வளவுதான். பையைப் பார்த்த தெரு எங்கள் பின்னாலேயே வந்துவிட்டது. வாசலில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "ஆத்தாடி, காலைல நல்லாத்தான இருந்தாக! யாருக்கு என்னாச்சு?" என்று குரல் எடுத்தாள்.

கூட்டத்தை விரட்டிவிட்டு வந்த மாமனுக்கு முகம் சிவந்திருந்தது.

"தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லைங்கய்யா. ஆப்பிள்ல நாருச்சத்து..."

"நாருச்சத்துக்குத் தெனம் ரெண்டா?"

அண்ணன் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஐந்து வருடத்தில் அவர் ஆப்பிளை மறைத்து நான் பார்த்ததே இல்லை. அப்போது உள்ளேயிருந்து டீச்சரே நிலைப்படிக்கு வந்தார்.

"மாமா கேக்குறது சரிதான. ஒண்ணு பத்தாதா?"

அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு ஒண்ணுதாங்க. இன்னொண்ணு இவனுக்கு. அப்பா, ஆத்தா யாருமில்லாத பய. மூணு வேளையும் புரோட்டாவத்தான் திங்கிறான். சொன்னாக் கேக்க மாட்டேங்கிறான். அதான் தெனம் ஒண்ணு அவன் பையில போட்டு விட்டுருவேன்."

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஐந்து வருடமாக அந்த ஆப்பிளைத் தின்றது மெஸ்காரரின் ஆடு.

டீச்சர் கை நீட்டி அவரிடமிருந்த பையை வாங்கிக்கொண்டார். பிறகு மாமன் பக்கம் திரும்பாமலேயே, "சரி, இனிமே மூணா வாங்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மாமன்தான் முதலில் சிரித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் மடியிலிருந்து அன்றைக்கு எங்களுக்கென்று தனியாக வாங்கியிருந்த ஆப்பிள் இரண்டையும் எடுத்து, ஒன்றை வேட்டியில் துடைத்து என்னிடம் நீட்டினார். ஆட்டைப் பற்றிச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயால் ஆப்பிளைக் கடித்தேன். தோலோடு, காம்பு மட்டும் மிஞ்சும்படி தின்றேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.