பக்கத்துல இருந்த ரெண்டு பல்லு

"முடியாது டாக்டர்," என்று பெரியக்கா சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "விழுந்தது ஒரு பல்லு. அதுக்காக நல்லா இருக்கற ரெண்டு பல்ல எதுக்கு ராவணும்?"

பல் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பிரிட்ஜ் என்றால் அப்படித்தான். புதுப்பல் அந்தரத்தில் நிற்காது. இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவிச் சின்னதாக்கி, மூன்றையும் சேர்த்து ஒரே உறையாக மாட்ட வேண்டும். போனதன் பாரத்தை இருப்பவை தாங்கும்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். பெரியக்காவுக்கு இந்த நியாயம் புதிதல்ல. அவள் காலர் தைக்கும் சட்டைக் கம்பெனியிலும் இதே கதைதான். வரிசையில் ஒருத்தி வேலையை விட்டு நின்று மாதக்கணக்காகியும் மேனேஜர் ஆள் போடவில்லை. அவள் வேலையை இரண்டு பக்கத்து மெஷின்காரிகளின் தலையிலும் பாதிப் பாதியாகக் கட்டிவிட்டார். அதில் ஒருத்தி பெரியக்கா. கத்தரியை எடுக்கக்கூட நேரமில்லாமல் நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்த முன்பல் நூலோடு கையில் வந்துவிட்டது. "பல்லால கடிக்காதீங்கடி" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவளும் அவளேதான்.

அந்தக் கோபத்தோடு மேனேஜரிடம் நியாயம் கேட்கப் போனாள். பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று. மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பல்லைக் கட்டிக்கொண்டு வந்தால் பேசலாம் என்றார்.

சும்மா இருப்பாளா? கழற்றி மாட்டும் பல் ஒன்றைச் செய்து மாட்டிக்கொண்டு மறுபடி போய் நின்றாள். குரலை உயர்த்தியதும் பல் பறந்துபோய்க் காலர் குவியலில் விழுந்தது. வரிசை மொத்தமும் மெஷினை நிறுத்திவிட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. இன்று அது எந்த மகராசன் கழுத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறதோ.

பல் தேடியதை மேனேஜர் 'வேலைநிறுத்தம்' என்று மேலே சொல்லிவிட்டார். முதலாளியே நேரில் விசாரிக்கப் போகிறார் என்று தகவல் வந்தது. தூண்டிவிட்டவளுக்கு வேலை போகும் என்று பேச்சு. அதனால்தான் பறக்காத பல் தேடிப் பெரியக்கா இந்த நாற்காலிக்கு வந்திருந்தாள்.

"சரி, ராவுங்க," என்று கடைசியில் படுத்தாள். "ஆனா இது அநியாயம்னு நான் சொன்னத மறந்துடாதீங்க."

ராவி, அச்சு எடுத்து, டாக்டரம்மா தற்காலிக உறை ஒன்றை ஒட்டி அனுப்பினார். நிஜப் பிரிட்ஜ் லேபில் தயாராகி ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார். வரவில்லை. பெரியக்கா டாக்டரம்மாவிடம் போனில் பொரிந்து தள்ளினாள். அந்த லேபில் வேலை செய்கிறார்களா, தூங்குகிறார்களா என்று கேட்டாள். மேனேஜர் தன்னைத் தினமும் கேட்கும் கேள்வி அது என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

விசாரணை நாள் காலையில் வாய் கொப்பளித்த தண்ணீரோடு தற்காலிக உறையும் போய்ச் சேர்ந்தது. காற்றுப் பட்டாலே கூசியது. லீவு போட்டுவிடு என்று புருஷன் கெஞ்சினான். அவள் கேட்கவில்லை.

முதலாளி அறையில் மேனேஜர் குற்றங்களை அடுக்கி முடிக்கும்வரை வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். பிறகு மேஜைக்குப் பக்கத்தில் போய், முதலாளியின் முகத்துக்கு நேரே வாயை ஆவென்று திறந்தாள். நடுவில் ஓட்டை; இரண்டு பக்கமும் ராவிய குச்சிகள். முதலாளி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"நல்லா பாருங்க சார். நடுவுல ஒண்ணு போச்சு. அதுக்காக பக்கத்துல இருந்த ரெண்டையும் இப்படி ராவிட்டாங்க. எங்க வரிசைலயும் இதத்தான் செஞ்சு வெச்சிருக்கீங்க. பல்லுக்கு வாயில்ல, ராவினா சும்மா இருக்கும். எனக்கு இருக்கு."

சொன்னதில் பாதி காற்றுதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. உடனே ஆள் போடுவதாகவும், தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளும்படியும் முதலாளி கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரமே காலி மெஷினுக்கு ஒரு நடுவயதுப் பெண் வந்து சேர்ந்தாள். வரிசையே கைதட்டியது. பெரியக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிரிட்ஜ் இன்னும் வராத வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, புதியவளுக்கு முதல் பாடம் சொன்னாள்: "யாராவது ரெண்டாள் வேலைய உன் தலைல கட்டினா, அப்படியே போட்டுட்டு எழுந்துடணும். என்ன?"

"அத செஞ்சுட்டுத்தான்க்கா வர்றேன்," என்றாள் அவள் பெருமையாக. "பல்லு செய்யற லேப்ல ரெண்டு பேர் வேலைய நான் ஒருத்தியா பார்த்துட்டு இருந்தேன். நீங்க முதலாளிகிட்ட பேசினத கேள்விப்பட்டதும் எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. கையில இருந்த முன்பல் பிரிட்ஜ பாதியிலயே மேஜைல போட்டுட்டு வந்துட்டேன்."