ஆறாங்கியர் டீமேக்கர்

இலங்கையிலேயே மிக வேகமான மோட்டார் சைக்கிளை மிக மெதுவாக ஓட்டிய மனிதர் என்று யாருக்காவது ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுப்பதாக இருந்தால், அதை நேரே றக்வான மலைக்கு, எங்கள் தோட்டத்து டீமேக்கரின் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். போட்டிக்கு வேறு ஆள் வராது. வந்தாலும் அவரை முந்திக்கொண்டு போய்த் தோற்றுவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் இரண்டாவது கிளாக்கர். அவர் கொழுந்தைத் தூளாக்கும் ஆலைக்கு, எங்கள் பேச்சில் தேயிலை ஸ்டோருக்கு, பொறுப்பான டீமேக்கர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்ம வேண்டும். ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதை அவர் மனைவி பிலோமினா அக்கா கோபம் வந்தால் மட்டும் வெளியே எடுப்பார். மற்றவர்களுக்கு அவர் முதலில் டீமேக்கரையா. மோட்டார் சைக்கிள் வந்த பிறகு ஆறாங்கியர்.

ஒரு மூட்டைத் தேயிலைத் தூளை நிமிர்த்தி வைத்து மேலே மூக்குக் கண்ணாடி மாட்டினால் அவர்தான். ஆனால் காது இருக்கிறதே, அது தனி. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சட்டென்று கையை நிறுத்துவார். "மூணாம் நம்பர் ரோலர்ல பெல்ட் தளந்துருச்சு" என்பார். ஆள் அனுப்பிப் பார்த்தால் தளர்ந்திருக்கும்.

அன்று அவர் பெல்மதுளைக்குப் போனது தையல் மெசின் வாங்க. பிலோமினா அக்கா பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, மறுபடி கேட்டு வாங்கிய சம்மதம் அது. போன இடத்தில் ஒரு மாணிக்கக்கல் முதலாளியின் வாசலில் அந்த மோட்டார் சைக்கிள் நின்றது. கல் கிடைத்த சந்தோஷத்தில் வாங்கி, அடுத்த கல் கிடைக்காத துக்கத்தில் விற்பனைக்கு நிறுத்தியிருந்தார். சிவப்பும் வெள்ளையுமாக, பந்தயத்துக்குப் பிறந்த உருவம். ஜப்பானில் யாரோ பத்து வருஷம் ஓட்டித் தள்ளிவிட்டது. உடைந்த முன்மூடியைக் கம்பியால் தைத்திருந்தார்கள். முதலாளி ஸ்டார்ட் செய்து காட்டியிருக்கிறார். டீமேக்கருக்குக் காது வழியாகத்தான் எல்லாம் உள்ளே போகும். போய்விட்டது.

மூன்று வளைவுக்குக் கீழே வரும்போதே சத்தம் கேட்டுத் தொழிலாளர் லயத்து வீடுகளின் நாய்கள் எல்லாம் ஒன்றாக ஊளையிட்டன. பிலோமினா அக்கா தையல் மெசினுக்கு இடம் ஒதுக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றார்.

"ஏங்க, மெசின் எங்க?"

"இதுவும் மெசின்தான் பிலோ. ஜப்பான் மெசின்."

அக்கா அதை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இதுல நூல எங்கிட்டுக் கோக்கிறது?"

மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நான்காம் நாள் தன் பழைய சேலை ஒன்றைக் கையாலேயே தைத்து அதற்கு ஓர் உறை போட்டார். முன்னறையில், திருஇருதயப் படத்துக்குக் கீழே, நாற்காலிகள் இருந்த இடத்தில் அது குடியேறியது. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். அது போதாதென்று நினைத்த ஸ்டோர் ஆட்கள் மாரியம்மன் கோயிலிலிருந்து தேசிக்காய் கொண்டுவந்து சக்கரத்துக்குக் கீழே வைத்தார்கள். இரண்டு பக்கத்துப் பாதுகாப்பும் கிடைத்தது.

அந்த வண்டியின் கைப்பிடி மிகத் தாழ்வாக இருக்கும். ஓட்டுகிறவர் வயிற்றைப் பெட்ரோல் டாங்கியில் வைத்து முன்னே கவிழ வேண்டும். டீமேக்கர் அப்படிக் கவிழ்ந்து போகும்போது எதிரே வருகிறவர்களைக் கும்பிடுவது போலவே இருக்கும். மரியாதை தெரிந்த தொழிலாளர்கள் திருப்பிக் கும்பிட்டார்கள். ஒரு வாரத்தில், "டீமேக்கரையா யூனியன் தலைவருக்கு நிக்கிறாராம்" என்று மேல் டிவிசன் வரைக்கும் செய்தி போய்விட்டது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கூப்பிட்டு விசாரித்தார்.

ஆனால் அவருடைய துயரம் வேறு.

"ஆறு கியர் தம்பி. ஆறு! நம்ம தொரை ஜீப்புக்கே நாலுதான்."

"எத்தன போட்டீங்க ஐயா?"

"ரெண்டு. மூணு போடறதுக்குள்ள வளவு வந்துருச்சு."

அதுதான் சிக்கல். எங்கள் மலைப்பாதை பாம்புக்குக் கூடத் தலைசுற்றும் பாதை. ஸ்டோருக்கு முன்னால் இருந்த நேரான துண்டை அவர் காலால் அளந்தார். நூற்று அறுபது காலடி. அதற்கப்பால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை.

ஒருநாள் பிடிவாதமாக மூன்றைப் போட்டார். பாதை இடப்பக்கம் திரும்பியது. அவர் திரும்பவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தவரைச் சுற்றிக் கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடினார்கள்.

"ஐயா, கொழுந்தெடுக்கவா வந்தீங்க? கூடை கொண்டாரலீங்களா?"

அவர் கண்ணாடி இல்லாத கண்களைச் சிமிட்டி, "மூணு விழுந்துச்சு! சத்தம் கேட்டீங்களா?" என்றார்.

பின்னேரங்களில் அவர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருப்பேன். டாங்கியின் மேல் ஜப்பான் எழுத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே பேசுவார்.

"அந்த ஜப்பான்காரன் இத எந்த ரோட்டுல ஓட்டியிருப்பான் தம்பி? கடலோரமா இருக்கும். கண்ணுக்கு எட்டுறவரைக்கும் நீட்டுக்கு இருக்கும்." கொஞ்ச நேரம் துடைப்பார். "நான் லயத்துல பொறந்தவன். பொறந்ததுலேருந்து பத்து கஜத்துக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு பாத்ததில்ல. எல்லாம் வளவு. வளஞ்சு பாத்தா இன்னொரு வளவு."

அதற்குப் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் நேரான ரோட்டை விசாரிக்கத் தொடங்கினார். பஸ் டிரைவர், பால்காரர், பூசை வைக்க வந்த ஃபாதர், யாரையும் விடவில்லை. கடைசியில் பதில் சொன்னவர் தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறிக்காரர் பியசேன. எம்பிலிப்பிட்டியவுக்கு அப்பால் ஒரு பெரிய குளம் இருக்கிறது, அதன் அணைக்கட்டின் மேல் பாதை போகிறது, "கெலின்ம கெலின், மஹத்தயா!" என்றார். நேரென்றால் அப்படியொரு நேர், ஐயா என்று அர்த்தம். டீமேக்கர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அடுத்த பௌர்ணமி, போயா நாளில் ஸ்டோருக்கு விடுமுறை. பிலோமினா அக்கா ரொட்டியும் சம்பலும் கட்டி என் கையில் கொடுத்தார்.

"தம்பி, நீங்களும் கூடப் போங்க. அந்த மனுசன் ஆமிக்காரங்ககிட்டயும் கியரப் பத்திப் பேசிக்கிட்டு நிப்பாரு."

யுத்த காலம் அப்படி. தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையை நீட்டும்போது கை தானாகக் கொஞ்சம் குறுகும். துரையிடம் ஒரு கடிதம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பின்னிருக்கையில் ஏறினேன். அது இருக்கை அல்ல, மரக்கிளை.

மலையை விட்டு இறங்க இறங்க வெயில் ஏறியது. அணைக்கட்டின் முனையில் காவல் சாவடி. அதற்கு அப்பால், சத்தியமாகச் சொல்கிறேன், அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது போல ஒரு பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வானம். மறுமுனை தெளிவாகத் தெரியவில்லை, வெயிலில் நடுங்கியது. டீமேக்கர் வண்டியை நிறுத்தி வாயைத் திறந்தபடி பார்த்தார்.

சார்ஜன்ட் ஒருவர் வந்து அட்டைகளை வாங்கினார். "றக்வானயிலிருந்து இங்கே எதற்கு வந்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கோயிலுக்கு என்று சொல்லலாம். சொந்தக்காரர் வீட்டுக்கு என்று சொல்லலாம். டீமேக்கர் நல்ல சிங்களத்தில், "ஆறாவது கியர் போடுவதற்கு சார்" என்றார்.

நான் அவசரமாகத் துரையின் கடிதத்தை எடுத்து நீட்டினேன். சார்ஜன்ட் கடிதத்தைப் படித்தார். எங்களைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கட்டின் மேல் யாரும் ஓட்டிப் போக அனுமதியில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்றார்.

டீமேக்கர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு தள்ளத் தொடங்கினார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். அந்த அகன்ற முதுகு அவ்வளவு சிறியதாக இருந்து நான் பார்த்ததில்லை.

நாற்பது ஐம்பது அடி போயிருப்போம். "மஹத்தயா, நில்லுங்க" என்று குரல் வந்தது. சார்ஜன்ட் ஓடி வந்தார். தன் ஊரில் ஒருத்தனிடம் இதே மாதிரி ஒன்று இருந்ததாம். தொடக்கூட விடமாட்டானாம். "பரிசோதிக்காமல் எப்படி விடுவது? நான் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

சாவியைக் கொடுத்துவிட்டு டீமேக்கர் பாதை ஓரமாக நின்றார். வண்டி புறப்பட்டது. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார், ஸ்டோரில் ரோலரைக் கேட்கிற அதே சாய்வு. ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

"மூணு... நாலு..." சத்தம் மெலிந்து, உயர்ந்து, தண்ணீரின் மேல் ஓடியது. "அஞ்சு." பிறகு மூச்சை அடக்கினார். தூரத்தில் அந்தக் குரல் ஒரு நொடி தாழ்ந்து மறுபடி எழுந்தது.

"ஆறு தம்பி" என்றார், மெதுவாக. "அதான் ஆறு."

கண்ணை மூடிக்கொண்டார். வண்டி திரும்பி வரும்வரை திறக்கவில்லை.

சார்ஜன்ட் தலைமுடி செங்குத்தாக நிற்க வந்து இறங்கினார். "இப்போது நீங்கள் போங்கள். அந்த முனையில் சொல்லிவிட்டேன், யாரும் மறிக்க மாட்டார்கள்" என்றார். டீமேக்கர் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். இந்த முறை நான் விரலை மடக்கினேன். இரண்டு. மூன்று. நான்கு. அதன் பிறகு விரல் மடங்கவில்லை. நான்கிலேயே போய், நான்கிலேயே வந்தார்.

வீடு திரும்பும் வழியில் ஒரு கடையில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவர் ஒரு துண்டைப் பிய்த்துச் சம்பலில் தொட்டார்.

"ரோட்டயே கொற சொல்லிக்கிட்டு இருந்தேன் தம்பி. ரோடு ஒண்ணும் பண்ணல. பயம் எனக்குத்தான். அஞ்சு போடலாம்னு கால வச்சேன்... பிலோ வாசல்ல நிக்கிற மாதிரியே இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"லயத்துல கேப்பாங்களே ஐயா. ஆறு போட்டாச்சுன்னு சொல்லிருவோமா?"

"வேணாம். கேட்டோம்னு சொல்லுவோம். அது பொய்யில்லியே."

வீட்டில் அப்படியே சொன்னார். பிலோமினா அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "என்னையும் ஒரு நாளு கூட்டிட்டுப் போங்க. நானும் கேக்கணும்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பூசைக்கு இரண்டு பேரும் அந்த வண்டியில்தான் போனார்கள். அக்கா மரக்கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னால் கணவர் கும்பிட, பின்னால் இவர் கையசைக்க, இரண்டாவது கியரில் ஊர்வலம்.

அடுத்த வருஷம் எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. பெல்மதுளையில் கொழும்பு பஸ் பிடிக்க வேண்டும். "நான் கொண்டு போய் விடுறேன் தம்பி" என்றார். பெட்டியை மடியில் வைத்து ஏறினேன். வழி முழுக்க எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. லொறிகள் முந்தின. ஒரு சைக்கிள்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கஹவத்தைக்குப் பிறகு பாதை நிமிர்ந்து, மூன்று தாராளமாகப் போடக்கூடிய இடங்கள் ஐந்தாறு வந்தன. அவர் எங்கேயும் போடவில்லை. போய்ச் சேர்ந்தபோது என் பஸ் போயிருந்தது.

நானும் அவரை அவசரப்படுத்தவில்லை.