துண்டுக்குள் நடந்த கணக்கு வகுப்பு

தலையாட்டுவது என் பிறவிக் குணம். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் "சரி, சரி" என்று என் தலை தன்னால் ஆடிவிடும். என் கல்யாணமே அப்படித்தான் முடிவானது (இந்த வரியை என் மனைவி சுமதி படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்). அந்தத் தலைதான் ஒருநாள் அய்யலூர் ஆட்டுச்சந்தையில் என் மானத்தை வாங்கியது.

அப்போது திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடியில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கற்றல் மையம் தொடங்கியிருந்தேன். யாராவது டியூஷன் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஏனென்றால் நான் இணையத்தில் பயிற்சி முடித்தவன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் விருப்பம் அறிந்து, அதன் வேகத்தில், அதற்கென்று தனிவழியில் சொல்லித்தர வேண்டும் என்பது பயிற்சி. பரோட்டாக் கடைக்காரர் மகனுக்குப் பின்னத்தைப் பரோட்டாவிலேயே நடத்தினேன். பாடம் முடிவதற்குள் தொகுதி, பகுதி இரண்டையும் நானே தின்றுவிடுவேன் என்பது வேறு விஷயம்.

அங்கேதான் நஸ்ரின் வந்து சேர்ந்தாள். ஆறாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் கணக்கில் தேறவில்லை. கறிக்கடை வைத்திருக்கும் அவள் அத்தா காதர் பாய் நேரடியாக விஷயத்துக்கு வந்தார்.

"அரையாண்டுலயும் தேறலைன்னா திருச்சில ஹாஸ்டல்ல விட்ருவேன் சார். புள்ளய விட்டுட்டு இருக்க எனக்கும் மனசில்லதான். வேற வழி தெரியல."

நஸ்ரின் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு தரையையே பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அதே நொடியில் என் பயிற்சியும் விழித்துக்கொண்டது. கறிக்கடைக்காரர் மகள் என்றால் ஆடுதானே இவளுடைய தனிவழி?

"பாய், லீவுல இவள அய்யலூர் சந்தைக்குக் கூட்டிட்டுப் போவோம். நானும் வாரேன்."

"சந்தைல என்ன சார் படிக்கிறது?"

"எடை, விலை, சதவீதம், எல்லாமே அங்கதான் இருக்கு."

நஸ்ரின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவளுக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை விடியும்போது சந்தையில் நின்றோம். எங்கு பார்த்தாலும் ஆடு, தூசி, டீக்கடைப் புகை. நஸ்ரின் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டிருந்தாள். ஆர்வத்தை அடக்கிக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். வாங்குபவரும் தரகரும் ஒரு துண்டுக்குள் கைவிட்டு, விரல்களைப் பிடித்து அழுத்தித்தான் பேரம் பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல் என்பதில் இருக்கிறது விலை. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இதைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. விரல்விட்டு எண்ணுவதைவிட இயற்கையான கணக்குப் பாடம் உண்டா?

பாய் இன்னொரு பக்கம் ஆடு பார்க்கப் போயிருந்தார். நான் நஸ்ரினோடு ஒரு தரகரிடம் போய், "அண்ணே, நான் காதர் பாய் கூட வந்தவன்" என்றேன். ஒரு மரியாதை கிடைக்கட்டுமே என்றுதான். அவரும் மரியாதையாகத் துண்டை விரித்தார். "வாங்க அப்பு, கைய விடுங்க."

விட்டேன். என் விரல்களைப் பிடித்து அழுத்தினார். பக்கத்தில் ஒரு கிடா நின்றது. அது இருக்கட்டும், நான் நஸ்ரினைப் பார்த்து, "கவனி, இப்ப அண்ணன் ஒரு எண்ணச் சொல்றாரு" என்றேன். சொல்லித்தருபவரை உற்சாகப்படுத்த வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் அழுத்திய அதே விரல்களால் நானும் பலமாக அழுத்தி, "சரி, சரி" என்று தலையாட்டினேன்.

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டார். கிடாவின் கயிற்றை என் கையில் வைத்தார்.

"நல்ல கைராசி அப்பு. பேரமே பேசாம முடிச்சிட்டீக."

கயிற்றைத் திருப்பி நீட்டினேன். பாடத்துக்காகச் சும்மா பிடித்தேன் என்றேன். சுற்றியிருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு முறைக்கத் தொடங்கினார்கள். ஓடிவந்த பாய் கிடாவின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் என் பல்லையும் பார்த்துவிடுவாரோ என்றிருந்தது.

"கிழட்டுக் கிடா சார். இதோட கறி வேகவே வேகாது. இத அறுத்தா என் கடைக்கு ஒருத்தன் வரமாட்டான்."

"திருப்பிக் கொடுத்திரலாமா பாய்?"

"துண்டுக்குள்ள வச்ச கை சார் அது. என் பேரச் சொல்லி வேற வச்சிருக்கீங்க. மாத்திப் பேசினா அடுத்த வாரம் எவனும் எனக்குக் கை நீட்டமாட்டான்."

சுமதி கிரைண்டர் வாங்கச் சேர்த்துவைத்திருந்த பணம் என் போனிலிருந்து தரகருக்குப் போனது. கிடா எங்களோடு வந்தது.

பாய் தன் ஆடுகளோடு பின்னால் வர, நானும் நஸ்ரினும் கிடாவும் ஒரு லோடு ஆட்டோவில் திண்டுக்கல் திரும்பினோம். வடமதுரை தாண்டும்போது கிடா என் சட்டைக் காலரைச் சுவைக்க ஆரம்பித்தது. வாழ்க்கையே முடிந்தாற்போல் உட்கார்ந்திருந்தேன். பாய் நிச்சயம் பிள்ளையை நிறுத்திவிடுவார். அவள் ஹாஸ்டலுக்குப் போவதற்கு நானே வழி செய்துவிட்டேன்.

"சார், எனக்கு ஆடே பிடிக்காது" என்றாள் நஸ்ரின் திடீரென்று. "நாத்தம் கொடலப் புடுங்குது. நான் கறிகூடச் சாப்பிடமாட்டேன்."

"முன்னாடியே ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

கிடாகூட மெல்லுவதை நிறுத்தியது. என் பயிற்சி, சான்றிதழ் எல்லாம் அந்த ஒரு வரியில் காலி. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, முதல்முறையாக அவளிடம் கேட்டேன். "உனக்கு என்னதான்மா பிடிக்கும்?"

"புஸ்தகக் கணக்குதான் சார். பின்னாடி விடை போட்டிருப்பாங்கல்ல, அதோட நம்ம விடை ஒத்துப்போனா ஜோரா இருக்கும். எனக்கு வகுத்தல் மட்டும்தான் வராது. நாலாங்கிளாஸ்ல அம்மை போட்டு லீவுல இருந்தேன். திரும்பி வரும்போது வகுத்தல் முடிஞ்சிருச்சு. அப்புறம் கேக்க வெக்கமா இருந்துச்சு."

அவ்வளவுதான். நான் சந்தையெல்லாம் தேடிய தனிவழி நாலாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் இருந்தது. அடுத்த நாளே அதை எடுத்துவைத்து, அவள் போதும் என்று சொல்லும்வரை வகுத்தல் போட்டோம். பாய் பிள்ளையை நிறுத்தவில்லை. "என் பேரக் காப்பாத்தக் கிழட்டுக் கிடாவ வாங்குன மனுசன். புள்ளைய ஏமாத்தமாட்டாரு" என்று கடையில் சொன்னாராம். அரையாண்டில் அவள் தேறினாள். மார்க்கைக் காட்ட அவள் படியேறி வந்த வேகத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கிடாவும் சும்மா இருக்கவில்லை. மாடிச் சுவரில் பிள்ளைகளுக்கென்று நான் தனித்தனியாக ஒட்டியிருந்த கற்றல் பாதைச் சார்ட்டுகளைத் தின்று தீர்த்தது. முதலில் தின்றது நஸ்ரினுடையதை (என்னைவிட விவரமான கிடா). பிறகு தாடிக்கொம்பில் என் மச்சானின் பூந்தோட்டத்துக்கு அனுப்பினேன். அங்கே சம்பங்கியைக் கண்டது. மச்சான் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்போதெல்லாம் புதிதாக ஒரு பிள்ளை வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்ன பிடிக்கும், எது வரல?" என்றுதான் தொடங்குகிறேன். பெரும்பாலும் பதில் வருவதற்கு முன்பே, அடுப்படியிலிருந்து கையாலேயே மாவரைத்துக்கொண்டிருக்கும் சுமதியின் குரல் வந்துவிடும்.

"கைய பின்னால கட்டிக்கிட்டுக் கேளுங்க."