துப்பல் சேரும் என் நாற்பத்தோராம் குழாயும்

துப்பாதீர்கள் என்று பலகை எழுதி எழுதிச் சலித்துப்போன எங்கள் தெருவைத் திருத்திய ஒரே மனிதர் துப்பல் சேர்தான். அவர் தலை தெரிந்தால் வெற்றிலை போடுகிறவர்கள்கூடச் சாற்றை விழுங்கிவிடுவார்கள். அவ்வளவு பயம்.

மட்டக்களப்பு வாவியைச் சுற்றியிருக்கும் சனங்களின் மரபணுவை ஆராய வந்து, எங்கள் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தார்; படித்த மனிதர் என்பதால் மரியாதையாக 'சேர்' என்போம். தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று பாராமல் எல்லார் வாசலிலும் சின்னக் குழாயை நீட்டி, "கொஞ்சம் துப்புங்க" என்பார். கல்யாணப் பந்தியிலும் நீட்டியிருக்கிறார். செத்த வீட்டில் நீட்டியபோது மட்டும் அடி விழப் பார்த்தது.

நானும் மரியாதைக்குத் துப்பி வைத்தேன். நாற்பத்தோராம் குழாய். அன்று பின்னேரம் தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னார்: "அந்தத் துப்பல்ல ஆரு என்ன குடி எண்டு எல்லாம் தெரியுமாம்."

பாதித் தேநீரோடு எழுந்து வந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலம் தாய்வழியாக வருவது. ஒரே குடிக்குள் கல்யாணம் கிடையாது. என் அம்மாவோ வெள்ளத்தில் தப்பித் தனியாக நின்ற குழந்தை. களுதாவளையில் எடுத்து வளர்த்தவர்களின் குடியையே தன் குடியென்று சொல்லி வாழ்ந்தவர். பிறந்த குடி அவருக்கே தெரியாது. அது எனக்குப் பேசியிருந்த கவிதாவின் குடியாக இருந்துவிட்டால்? எங்கள் கல்யாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

சோறு இறங்கவில்லை. சேர் படியிறங்கினால் நான் குசினிக்குள் ஒளிந்தேன். ஒருநாள் அவர் கவிதாவின் தகப்பனோடு வேலியடியில் நின்று சிரித்துப் பேசியதைக் கண்டு எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. கருவாடு பற்றித்தான் பேசினாராம்.

கடைசியில், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து மேலறைக்குள் புகுந்து என் குழாயை எடுத்தேன். திரும்பினால் துவாயோடு வாசலில் நிற்கிறார். மனதில் இருந்த பயத்தையெல்லாம் சொல்லிவிட்டேன்.

"குடி இதில தெரியாது மனே. ரெண்டு விதை கலந்து விதைச்ச வயல் வட்டைக்குள்ள உப்புத்தண்ணி வந்தா, மறுகா எது மிஞ்சும்?"

"உப்பைத் தாங்கின விதை."

"நாமளும் கலப்பு நெல்லுதான். பல முன்னோர்ட துண்டுகள் நம்மட உடம்பில கலந்து இரிக்கு. மரபணுவில ஒரு இடத்தில மட்டும் ஒரே முன்னோர்ட துண்டு அளவுக்கு மிஞ்சிக் கனபேரில நிண்டா, கிட்டடித் தலைமுறைகள்ல அது ஆக்கள ஏதோ நோயில இருந்து காப்பாத்தியிரிக்கும் எண்டு சந்தேகப்படலாம். எது தப்ப வெச்ச எண்டுதான் தேடுறன். ஆர்ட குடியும் எனக்கு வேணாம்."

"எண்டாலும் பயமா இரிக்கு சேர்."

சேர் குழாயை வாங்கி ஊற்றிக் கழுவினார். பட்டியலில் நாற்பத்தொன்றை வெட்டினார். ஒரு துப்பலுக்காக அடி வாங்கவும் துணிந்த மனிதர்.

கல்யாணத்துக்கு வந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். குழாயைக் கொண்டுவரவேயில்லை.

மனம் கேட்கவில்லை. நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அம்மா நேரே மேலறைக்கு ஏறிப்போய்க் கையை நீட்டினார்.

"தப்பின ஆக்களைத்தானே தேடுறீங்க? வெள்ளத்தில தப்பினவ நான். குழாயத் தாங்க."

சேர் ஊரைவிட்டுப் போன பிறகு தெரு பழையபடி துப்புகிறது. யார் துப்பினாலும் எனக்கு அவர் நினைவுதான். இவ்வளவும் வீணாகப் போகிறதே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.