கென்யாவுக்கு டேங்கர் அனுப்பியவள்

“மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டத் தாண்டி பஸ்ஸே ஏறாதவ நீ. ஆப்பிரிக்காவ எப்படிம்மா விப்ப?” என்று மாமா கேட்டார். அவர் ஆட்டோ ஓட்டுபவர். தூரத்தைப் பற்றி அவர் சொல்வதுதான் எங்கள் ஜோகுபாளையம் வீட்டில் சட்டம். நானோ அந்த வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள், அதற்கு மேல் கல்லூரி வேறு. அந்த மிதப்பில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சுற்றுலா அலுவலகத்தில் என் பயிற்சிக்காலம் முடியும் வாரம் அது. கென்யாவில் சாவோ என்ற வறண்ட காட்டுக்குப் போகும் பயணத்தைப் பற்றி, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பெரியவர்களிடம் நான் பேச வேண்டும். நன்றாகப் பேசினால் வேலை நிரந்தரம். சொதப்பினால் வீடு (வீட்டில் மாமா).

திரையில் படம் காட்டிப் பேசியது யானைகள் வரை பிரமாதமாகப் போனது. சிவப்பு மண்ணில் புரண்டு செங்கல் நிறத்தில் நிற்கும் யானைகள், இலையில்லாத முள்மரங்கள், மழை நின்றபின் மிஞ்சிய ஒரே குட்டையில் வரிக்குதிரைகள் போனபின் வந்து குடிக்கும் சிங்கம் (எங்கள் தெருக்குழாயைவிட ஒழுங்கு). பெரியவர்கள் கண் கொட்டவில்லை.

அடுத்த படம் தங்குமிடம். துணிக்கூடாரம், அரிக்கேன் விளக்கு, மரத்தில் தொங்கும் வாளி. அந்த வாளியில் வெந்நீர் ஊற்றித்தான் குளியல். முந்தின நாளே இதைப் பார்த்து நான் கூசிப்போயிருந்தேன். நாங்கள் தினமும் வீட்டில் செய்வதை, இவ்வளவு வசதியானவர்களை விமானம் ஏற்றிக் கொண்டுபோய்ச் செய்யச் சொல்வதா?

“மன்னிச்சிருங்க,” என்றேன் பெரிய மனதோடு. “நான் பேசி பக்கா ரூம் வாங்கித் தர்றேன். வாளியெல்லாம் கிடையாது. தண்ணி டேங்கர் வந்துரும்.”

முன்வரிசை அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, நட்சத்திரத்தப் பாத்துக்கிட்டு அந்த வாளியில குளிக்கத்தான் நாங்க வர்றோம். டேங்கர்தான் இங்கயே தினம் வருதே.”

அரங்கம் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. என்னை யாரென்றே தெரியாதவர்போல மேனேஜர் மேடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என்னை நீக்கவில்லை. பயிற்சியை மூன்று மாதம் நீட்டினார். “பாக்காத எடத்த ரிப்பேர் பண்ணாத,” என்றார், அவ்வளவுதான்.

இன்றும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், அம்மா வெந்நீர் வாளியை வைத்துவிட்டு “சஃபாரி ரெடி” என்கிறார். மாமா இந்தக் கதையைச் சவாரி ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறார், பக்கத்து டொம்லூர் போவதற்குள் முடித்தும் விடுகிறார்.

மூன்று மாதம் கழித்து வேலை நிரந்தரமானது. ஆண்டுக்கு ஒருவரைச் சாவோவை நேரில் பார்த்துவர அலுவலகம் அனுப்பும். இம்முறை யாரும் வாய் திறக்கும் முன்பே என் பெயரைக் கொடுத்துவிட்டேன். மஞ்சள் காய்ச்சல் ஊசியும் நேற்று போட்டாயிற்று. இடது கையைத் தூக்க முடியவில்லை.